பாகில் விட்ட ஒரு கரண்டி பால்

இது மும்பை செம்பூரில், நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில், 2023, 2024 தீபாவளிகளில் நடந்தது. பையனின் அம்மா முழுசாகப் படித்துப் பார்த்து, இரண்டு இடத்தில் திருத்தி, சரி என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை. தப்பு நடந்தது என் அடுப்பில், அதை மட்டும் மறைக்கவில்லை.

பின்னணி

தீபாவளிக்கு வீட்டிலிருந்தே பலகாரம் செய்து கொடுப்பவள் நான். பதினாறு வருஷமாகச் செய்கிறேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை கிடையாது, எல்லாம் தட்டும் டப்பாவும்தான். முப்பது வீடுகளுக்கு மைசூர் பாகு, ரவா லட்டு, முந்திரி கேக், தேங்காய் பர்பி, தேன்குழல், முள்ளு முறுக்கு, மிக்சர். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அடிப்படைப் பதிவும் வைத்திருக்கிறேன். 2023, 2024-ல் வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது, நான் அந்தக் கோட்டின் பக்கத்தில்கூடப் போனதில்லை.

மூன்றாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். அவர்கள் பையனுக்கு 2023-ல் ஆறு வயது. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது முதல் முதலாகத் தயிர்சாதம் ஊட்டியதும் உடம்பெல்லாம் தடித்துப்போய், பசும்பால் புரதம் ஆகாது என்று தெரிந்திருக்கிறது. மூன்று வயதில் ஒரு கல்யாண வீட்டில் முந்திரி கேக் ஒரு துண்டு. அதோடு முந்திரி, பிஸ்தா இரண்டும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஒவ்வாமை பார்க்கும் குழந்தை மருத்துவரிடம் ஒழுங்காகக் காட்டி வருகிறார்கள், அவசரத்துக்கான அட்ரினலின் ஊசி வீட்டில் ஒன்று, பள்ளிப் பையில் ஒன்று.

இதைக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும், என்னையும் சேர்த்து, சொன்ன மூன்று விஷயங்களை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஒன்று, "பால் செரிக்காதா, எனக்கும்தான் வயிறு உப்பும்." அது வேறு. பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரை செரிக்காவிட்டால் வயிறு படுத்தும், அவ்வளவுதான். இவனுக்குப் பிரச்சினை பாலின் புரதம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதன்மேல் பாய்கிறது, மூச்சு வரை போகலாம். எருமைப் பால், ஆட்டுப் பால் என்று மாற்றினாலும் பெரும்பாலும் அதே கதைதான், புரதங்கள் அவ்வளவு ஒத்துப்போகின்றன. இரண்டு, "நெய்யில் பால் ஏது, காய்ச்சியாச்சே." நெய்யில் பெரும்பாலும் கொழுப்புதான், ஆனால் புரதம் கொஞ்சம் தங்கத்தான் செய்யும், இவனைப் போன்றவர்களுக்கு அந்தக் கொஞ்சமே போதும். மூன்று, "வேர்க்கடலை சாப்பிடுகிறானே, முந்திரி மட்டும் எப்படி ஆகாது?" வேர்க்கடலை அவரை, துவரை வகையறா. முந்திரியும் பிஸ்தாவும் மாமரத்தின் குடும்பம், அதனால்தான் அவை இரண்டும் பல பேருக்குச் சேர்ந்தே ஆகாமல் போகின்றன.

2023: கேட்டதும் செய்ததும்

நவராத்திரி முடிந்த வாரம் பையனின் அம்மா வந்தார். "அக்கா, இவனுக்கு ஒரே ஒரு ஸ்வீட், பாலும் முந்திரியும் இல்லாம செஞ்சு தர முடியுமா? வருஷா வருஷம் தட்டு வந்ததும் தூக்கி உள்ள வெச்சிடறேன். இப்ப அவனுக்குப் புரியுது, கேக்கறான்."

தேங்காய் பர்பி என்று உடனே சொல்லிவிட்டேன். தேங்காய், சர்க்கரை, ஏலக்காய். இதில் என்ன இருக்கிறது? தட்டில் நெய் தடவ வேண்டாம், தேங்காய் எண்ணெய் தடவுங்கள் என்று அவர் சொன்னதைக்கூட நினைவாகச் செய்தேன். பர்பியைப் புது டப்பாவில் போட்டு, மற்ற ஆர்டர்களோடு சேராமல் தனியாக, சனிக்கிழமை சாயங்காலம் நானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் நின்று அவர் இன்னொரு தடவை கேட்டார், "பால் எதுவும் போடலையே அக்கா?" சத்தியமாக இல்லை என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

தீபாவளி காலை

நவம்பர் 12, ஞாயிறு. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டையில் மஞ்சள் தடவிப் போட்டுக்கொண்டு, ஆறு மணி தாண்டியதும் பையன் ஒரு துண்டு பர்பி சாப்பிட்டான். கீழே வெடி ஆரம்பித்துவிட்டது, ஜன்னல் வழியாகப் புகை. ஐந்தாறு நிமிஷத்தில் இருமல். புகை என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார்கள். இது முக்கியம் என்பதால்தான் எழுதுகிறேன், வேறெந்த நாளாக இருந்தாலும் அந்த இருமலை அவன் அம்மா விட்டிருக்க மாட்டார்.

அப்புறம் உதடு தடித்தது, கழுத்தில் சிவந்த தடிப்புகள். அரிப்புக்கான சிரப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பையன் வாந்தி எடுத்தான், குரல் கம்மிப்போனது. மருத்துவரைக் கூப்பிட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான், ஊசி போட்டாயிற்றா. சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகிய கை, சீட்டில் அவன் எடைக்கு எழுதியிருந்த அளவைப் பார்த்து, தொடையின் வெளிப்பக்கம் நடுவில் அம்மாதான் போட்டார். வெளிநாட்டில் கிடைக்கும் பேனா மாதிரி ஊசி இங்கே மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்காது, ஆம்பூலை உடைத்து சிரிஞ்சில் ஏற்றித்தான் போட வேண்டும். 108-க்கு அடித்துவிட்டு, அது வருவதற்குள் இரண்டாவது மாடிக்காரர் கார் எடுத்துவிட்டதால் அதிலேயே போனார்கள்.

மருத்துவமனையில் இரவு முழுவதும் வைத்துக்கொண்டார்கள். முதல் தாக்கம் அடங்கின பிறகு சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரக்கூடும் என்பதால் அப்படி வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மறுநாள் மத்தியானம் பையன் வீடு திரும்பினான். புதுச் சட்டையை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் அவனுடைய பெரிய வருத்தம்.

பிறகு மருத்துவர் சொன்னதாக அவர் சொன்னது: அரிப்பு சிரப் தடிப்பைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. தோலும் வயிறும், அல்லது தோலும் மூச்சும் சேர்ந்து மாறினால் முதலில் ஊசி. சிரப்புக்காகக் காத்திருந்தது கிட்டத்தட்ட இருபது நிமிஷம்.

எங்கே தப்பியது

அன்று முழுவதும் நான் தேங்காயைச் சந்தேகப்பட்டேன், டப்பாவைச் சந்தேகப்பட்டேன், பையன் வேறெங்கோ எதையோ தின்றிருப்பான் என்றுகூட நினைத்தேன், அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

ராத்திரி என் நாத்தனார் போன் செய்தார். குலாப்ஜாமுனுக்குப் பாகு வைத்திருக்கிறார், சர்க்கரையில் ஒரே அழுக்கு, என்ன செய்ய. "ஒரு கரண்டி பால் விடு, அழுக்கெல்லாம் மேல வந்துரும், எடுத்துப் போட்டுடு" என்றேன். சொல்லி முடித்ததும் வாய் அப்படியே நின்றுவிட்டது.

என் அம்மா அப்படித்தான் பாகு வைப்பார், நானும் அப்படித்தான். சர்க்கரை கொதிக்கும்போது ஒரு குழிக்கரண்டி பால் விட்டால், பால் திரிந்து அழுக்கைப் பிடித்துக்கொண்டு சாம்பல் நிற நுரையாக மேலே வரும். அதை ஓரமாக ஒதுக்கி எடுத்துவிடுவோம். அந்தப் பர்பியிலும் விட்டிருக்கிறேன். என் கணக்கில் அது பால் "போடுவது" இல்லை, பாகைக் கழுவுவது. எழுதிவைத்த செய்முறையிலும் கிடையாது.

மறுநாள் சாயங்காலம் மேலே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பால் போட்டீங்களான்னுதான் கேட்டேன். பால் எங்கயாவது வந்துச்சான்னு கேக்கலை" என்றார். அவருடைய வீட்டுக்காரர் இரண்டு மாதம் லிஃப்டில் என்னைப் பார்த்தால் படியில் போனார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

கொதிக்கிற பாகில் வெந்த பால்தானே, அது எப்படிச் செய்யும் என்று எனக்குப் புரியாமல் இருந்தது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் சூட்டுக்கு அசராதாம். கணக்கும் போட்டுப் பார்த்தோம்: 15 மில்லி பாலில் புரதம் அரை கிராம் சுமார், அதாவது 500 மில்லிகிராம். அன்று வந்தது அறுபது துண்டு. நுரையோடு ஒன்றுமே போகவில்லை என்று வைத்தால் துண்டுக்கு 8 மில்லிகிராம், பாதி போயிருந்தால் 4. சில குழந்தைகளுக்குச் சில மில்லிகிராமே போதும் என்றார் மருத்துவர்.

ஆனால் பாலை மட்டும் குற்றவாளி ஆக்கிவிட முடியாது. அடுத்த வாரம் மிக்ஸியின் சின்ன ஜாரைக் கழற்றிப் பார்த்தேன். பிளேடுக்கு அடியில், வாஷர் உட்காரும் பள்ளத்தில், வெள்ளையாக ஒரு விளிம்பு. நகத்தால் சுரண்டி முகர்ந்தால் முந்திரி. முந்திரி கேக்குக்குப் பொடித்த அதே ஜாரில்தான் ஏலக்காயும் சர்க்கரையும் சேர்த்துப் பொடித்திருந்தேன், கழுவிவிட்டுத்தான், ஆனால் வாஷரைக் கழற்றாமல். இரண்டில் எது என்று கடைசி வரை தெரியாது. இரண்டும் என் சமையலறையில் இருந்தன.

2024: முடிவுகளும் காரணங்களும்

இனி இந்த வேலையே வேண்டாம் என்றுதான் இருந்தேன். 2024 ஆவணியில் பையனின் அம்மாவே வந்தார். மறுபடியும் செய்யலாம், ஆனால் இந்தத் தடவை நான் கூடவே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். ஒரு வருஷமாக யோசித்திருப்பார் போல, நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார்.

முதலில் மாற்றுப் பொருள் வைத்து மைசூர் பாகு செய்து பார்த்தோம். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். கிளறும்போது நுரைத்துக்கொண்டு நன்றாகத்தான் வந்தது, துண்டும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எண்ணெய் கசிந்து தட்டில் நின்றது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும், மழை விட்ட பிறகு மும்பையில் அடிக்கும் அக்டோபர் வெயிலில் அது எங்கே உறையப்போகிறது? ஊர்க் குளிரில் ஒருவேளை நிற்கும். வாசனையும் தலைக்கு வைக்கிற எண்ணெய்தான். முந்திரிக்குப் பதில் வெள்ளரி விதை அரைத்து கேக் போடலாம் என்றேன், அதை மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டார். பண்டிகை நாளில் இதுவரை சாப்பிடாத பொருளைப் புதிதாகக் கொடுத்துப் பார்க்கக் கூடாது, வேண்டுமென்றால் சாதாரண நாளில், அவரிடம் சொல்லிவிட்டு.

தோற்றுப்போன அந்த மைசூர் பாகைப் பையனிடம் காட்டினோம். ஆர்வமே இல்லை. அவன் மைசூர் பாகு தின்றதே இல்லை, அது இல்லாத குறை அவனுக்கு எப்படித் தெரியும்? நாங்கள்தான் அவன் சார்பில் ஏங்கிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு யோசனை நேராயிற்று: நெய்யும் முந்திரியும் இல்லாமலே பிறந்த பலகாரமாகப் பார்ப்போம். அதிரசம். பொரிவிளங்காய் உருண்டை. வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றிப் பிசைந்த தேன்குழல். தேங்காய் பர்பி வேண்டாம் என்று நான் சொன்னேன், வேண்டும் என்று பையன் சொன்னான். அவனுக்கு அதன்மேல் கோபம் இல்லை.

அடுத்தது நோட்டுப் புத்தகம். "செய்முறை சொல்லாதீங்க அக்கா, செஞ்சு காட்டுங்க." ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஒத்திகை மாதிரி செய்தேன், அவர் என் கை போகிற இடமெல்லாம் எழுதினார். உருண்டை பிடிக்கும் முன் உள்ளங்கையில் நெய் தொட்டுக்கொள்வது. பதம் பார்த்த விரலைப் பக்கத்தில் தொங்கும் துணியில் துடைப்பது. பால்கோவா கிளறும் அதே மரக்கரண்டி. வெல்லம் வடிகட்ட நான் எடுத்த மெல்லிய துணி, ஸ்ரீகண்டுக்குத் தயிர் கட்டித் தொங்கவிடும் துணி. முறுக்கு நாழியின் ஓட்டை வில்லையில் போன வருஷத்து வெண்ணெய் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. ஒன்பது இடம் வந்தது. ஒன்றுகூடச் செய்முறையில் எழுதும் சங்கதி இல்லை.

மிக்ஸி ஜார், அலுமினிய வாணலி, இரண்டு தட்டைக் கரண்டி, நாழி, சல்லடை, துணி, மரக்கரண்டி எல்லாம் புதிதாக வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு அவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டோம். என் வீட்டில் வைத்தால் அவசரத்துக்கு நானே எடுத்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். பழையதை நன்றாகக் கழுவினால் போதாதா என்று கேட்கலாம். எவர்சில்வர் தட்டு போதும், சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும். மரமும், ரப்பரும், மரையுள்ள நாழியும் அப்படி இல்லை. பொரித்த எண்ணெயும்தான், காய்ந்த எண்ணெயில் எல்லாம் எரிந்துபோகும் என்பது நம் நினைப்பு, முந்திரி வறுத்த எண்ணெயில் முந்திரி இருக்கும். கையையும் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும், சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஒட்டியிருக்கும் புரதத்தை எடுக்காது.

கடைசியாக, வரிசை. ஆர்டர் வேலை தொடங்குவதற்கு முன்பு, ஒரு சொட்டு நெய்கூட அடுப்பேறாத நாளில், பையனுடையது முதலில்.

மாவும் பாகும்

2024-ல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். வெள்ளி 25-ம் தேதி மாவு கிளறி, ஞாயிறு 27-ம் தேதி பொரிப்பதாகத் திட்டம்.

ஒரு கிலோ பச்சரிசி, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, புதுத் துணியில் மின்விசிறிக்கு அடியில் பரப்பினோம். கையில் அள்ளினால் நாலைந்து அரிசி உள்ளங்கையில் ஒட்டிக்கொள்ள வேண்டும், முழுக்கக் காய்ந்தால் போச்சு. ஈரத்தோடு அரைத்துச் சலித்தால் மாவு விரலில் மெத்தென்று இருக்கும், பிடித்தால் பிடிபடும். வெல்லம் முக்கால் கிலோ, கோலாப்பூர் வெல்லம். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும், நம் ஊர் வெல்லத்தின் கருஞ்சிவப்பு வராது, என்ன செய்ய, மும்பையில் இதுதான் கைக்கு எட்டுகிறது.

வெல்லத்தைக் கரைத்து வடிகட்டினால் அழுக்கு துணியில் நின்றுவிடும். அங்கே பாலுக்கு வேலையே இல்லை. பர்பிக்குச் சர்க்கரைப் பாகு வைக்கும்போதுதான் கை ஃப்ரிட்ஜ் பக்கம் திரும்பியது, பழக்கம். "அக்கா" என்று ஒரு குரல். திரும்பிவிட்டேன். லேசாக அழுக்கு நிறத்தில் இருந்தது அந்தப் பர்பி, ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை. முப்பது வருஷமாக எதற்குத்தான் அந்தப் பாலை விட்டேன்!

அதிரசப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டினால் உருள வேண்டும், ஆனால் அமுக்கினால் நசுங்க வேண்டும். இளம் பாகானால் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும், முற்றினால் பல்லை உடைக்கும். நான் கொஞ்சம் இளசாக இறக்கிவிட்டேன். ஞாயிறு காலை முதல் இரண்டு அதிரசம் வாணலியில் பூவாக விரிந்து கரைந்தன. எடுத்து வைத்திருந்த அரிசி மாவில் இரண்டு கை சேர்த்துப் பிசைந்து, ஒரு மணி நேரம் மூடி வைத்த பிறகு நின்றது. முப்பத்து நாலு அதிரசம் வந்தன. பையன் சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு கரண்டிக்கு நடுவே அமுக்கும்போது வழிகிற எண்ணெயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பலகாரம் பொரிவதை அவன் பக்கத்திலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. மற்ற வீடுகளில் அவனை உள்ளே விட மாட்டார்களே.

தேன்குழலுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை, இவனுக்குத் தேவைப்படவில்லை, வேறு யாருக்காவது ஆகும். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது அரிசி மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாத வீட்டுக்கு அரிசி முறுக்கு செய்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது, டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

பாட்டியின் லேகியம்

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2024 தீபாவளிக்குப் பையனின் பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தார். மாட்டுங்கா மார்க்கெட்டில் சித்தரத்தை, கண்டதிப்பிலி எல்லாம் தேடி வாங்கி, தன் கையால் தீபாவளி லேகியம் கிளறி வைத்திருந்தார். முந்தின நாள் ராத்திரிதான் மருமகள் அதைப் பார்த்தார். மேலே நெய் மினுமினுத்தது.

"லேகியத்துக்கு என்ன அலர்ஜி? அது மருந்து" என்றார் பாட்டி. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. நெய்யில்லாமல் லேகியம் கிளறினால் அது லேகியமா என்பது ஒரு பக்கம், பேரனுக்குத் தன்னால் ஒன்று ஆகிவிடும் என்று மருமகள் நினைக்கிறாளே என்பது இன்னொரு பக்கம். பேச்சு வளரும் என்று நினைத்து மருமகள் என்னைக் கூப்பிட்டார். நான் போய் என் கதையைச் சொன்னேன், ஒரு கரண்டி பால் விட்டதை. பாட்டியும் பாகுக்குப் பால் விடுகிறவர்தான். பேசாமல் எழுந்து போய் மீதி இருந்த சாமான்களை இடித்து, நல்லெண்ணெயில் இன்னொரு லேகியம் கிளறினார். பையன் நல்லெண்ணெய் தினமும் இட்லிப் பொடியோடு சாப்பிடுகிறவன், அதனால் பயமில்லை. நெய் லேகியத்தை யாருக்கும் கொடுக்காமல் என்னிடம் தந்துவிட்டார். நன்றாக இருந்தது.

தட்டு மாறிய கதை

தீபாவளியன்று ஒன்றும் ஆகவில்லை. பையன் நாலு அதிரசம் தின்று வயிறு வலிக்கிறது என்றான், அம்மாவுக்கு உயிரே போய்விட்டது, வெறும் வயிற்று வலிதான்.

ஆபத்து அடுத்த நாள் வந்தது. இங்கே வெள்ளிக்கிழமை லட்சுமி பூஜை, மராத்திக் குடும்பங்கள் வீடு வீடாகப் பலகாரத் தட்டு அனுப்புவார்கள். எதிர் வீட்டுத் தட்டில் சங்கர்பாளி, கரஞ்சி, சிவ்டாவோடு அனார்சே இருந்தது. அனார்சே நம் அதிரசத்துக்குத் தங்கச்சி, அதே ஊறின அரிசி, அதே வெல்லம். ஆனால் பல வீடுகளில் அதை நெய்யில் பொரிப்பார்கள், அந்த வீட்டில் அப்படித்தான்.

ஒரு வாரமாக அந்தப் பையனுக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுத்திருந்தோம்? "அதிரசம் உனக்குச் சரி." எடுத்துவிட்டான். வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தி, "அம்மா, இதுல கசகசா ஒட்டியிருக்கு. ஆன்ட்டி இப்படிப் பண்ணலியே" என்று கேட்டிருக்கிறான். கசகசா தூவுவது அனார்சேயின் அடையாளம். சமையலறை வாசலில் உட்கார்ந்து பார்த்ததுதான் அன்று காப்பாற்றியது. நாங்கள் யோசித்துச் செய்த ஏற்பாடு எதுவும் அந்த இடத்தில் இல்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லை.

எதிர் வீட்டம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, தப்பு அவருடையது இல்லை.

அடுத்த தடவை மாற்றப்போவது

பலகாரத்தின் பெயரைச் சொல்லி "இது உனக்குச் சரி" என்று இனி சொல்வதில்லை. பெட்டியைச் சொல்லித்தான்: நீல மூடி டப்பாவில் இருப்பது மட்டும் உன்னுடையது, வேறு எதில் இருந்தாலும், பார்க்க அதே மாதிரி இருந்தாலும், கேட்டுவிட்டு. அவனுடைய அதிரசத்துக்கு நடுவில் ஒரு ஓட்டையும் போடப்போகிறேன், சில ஊர்களில் அப்படித்தான் செய்வார்கள். இது பையனின் யோசனை.

எதிர் வீடு, பக்கத்து வீடு, வாட்ச்மேன் குடும்பம் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, பிள்ளையை நோயாளி மாதிரி பார்ப்பார்கள் என்கிறார். சொல்லலாமா என்பதை அவரிடமே விட்டுவிட்டேன். ஊசி எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்பது இப்போது எனக்கும் இரண்டாவது மாடிக்காரருக்கும் தெரியும். வெடிப் புகையில் இருமினாலும் முதலில் சட்டையைத் தூக்கி வயிற்றையும் கழுத்தையும் பார்ப்பது என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறார்கள்.

என் பக்கம், எல்லா ஆர்டர் டப்பாவிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கையால் எழுதி ஒட்டுகிறேன். 2020-ல் வந்த லேபிள் விதிமுறைகளில் ஒவ்வாமைப் பொருளாகச் சொல்ல வேண்டியவை என்று ஒரு பட்டியல் உண்டு: குளூட்டன் உள்ள தானியங்கள், ஓட்டுமீன் வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைகளும், சோயா, சல்பைட். எள் அதில் இல்லை. அமெரிக்காவில் 2023 தொடக்கத்திலிருந்து எள்ளையும் சொல்லியாக வேண்டும், பிள்ளைகளுக்கு எள்ளுருண்டை அனுப்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எள்ளையும் எழுதிவிடுகிறேன். "இந்தச் சமையலறையில் பாலும் முந்திரியும் புழங்கும்" என்ற வரியைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் ஆர்டரை ரத்து செய்தார்கள், பரவாயில்லை.

போன வாரம் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து சரிபார்த்தோம். ஜார் இருக்கிறது, நாழி இருக்கிறது, வாணலி இருக்கிறது. வடிகட்டும் துணியை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். தை மாதம் அவசரத்துக்கு ஒரு நாள் இரவல் வாங்கி, யாரோ அதில் தயிர் கட்டியிருக்கிறார்கள். யாரோ இல்லை, நான்தான்.